முடியாது என்று சொல்லப் பழகிய வகுப்பு

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் துணை ஆசிரியராக இருந்தேன். அத்தனை காலமும் ஆங்கிலம் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தது. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியை இருபது நிமிடத்தில் தமிழாக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்துக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் ஆங்கிலத்தில் யாரிடமும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஒருமுறை ஆற்றில் வெள்ளம் வந்தபோது டெல்லியிலிருந்து ஒரு நிருபர் தொலைபேசியில் அழைத்து, நிலைமை எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீர்மட்டம், தண்ணீர் புகுந்த தெருக்கள், பாபநாசம் அணையில் திறந்துவிட்ட அளவு எல்லாம் என் முன்னால் தாளில் இருந்தன. நான் "எஸ்" என்றேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் "எஸ்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற இரண்டாவது மாதம், பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மாடி அறையில் நடக்கும் தொடக்கநிலை ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். காலை ஏழு மணி முதல் எட்டு வரை. அந்த அறை முன்பு தட்டச்சுப் பயிலகமாக இருந்தது. மேசைகளில் இயந்திரங்களை முடுக்கியிருந்த திருகுத் துளைகள் நான்கு நான்காக இன்னும் இருக்கின்றன. என் பேனா அடிக்கடி அதில் ஒன்றில் போய் நின்றுவிடும்.

பாடம் எடுத்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம்; வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லோரும் ஆசிரியர்கள். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். பதினோரு பேருடன் தொடங்கிய வகுப்பில் மூன்றாவது வாரம் ஒழுங்காக வந்தவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். இன்னொருவர் மேலப்பாளையத்து பாய். பத்தொன்பது ஆண்டுகள் சவூதியில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கு ஆங்கிலம் தெரியும், எங்களைவிட நன்றாகவே. ஏன் வந்தீர்கள் என்று மிஸ் கேட்டபோது, "வண்டி ஓடும் மிஸ், பிரேக்குதான் இல்ல. அதைப் போட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

மூன்றாவது ஆள் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெண். நாற்பத்து நான்கு வயது. பட்டறையை நடத்திவந்த கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதன்பின் இந்தப் பெண்ணே கடைசலில் நின்றார். இரண்டு மிஷின், ஒரு வேலையாள். காலையில் ஆறேகாலுக்குப் பட்டறையைத் திறந்து வேலையாளிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் வகுப்புக்கு வருவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார். நகக்கண்ணில் மட்டும் எண்ணெய்க் கறுப்பு நிற்கும்.

அவருக்கு இந்த வகுப்பு ஏன் தேவைப்பட்டது என்பது முதல் வாரமே தெரிந்தது. எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார் மிஸ். "ஐ ஆம் ஃப்ரம் பேட்டை. ஐ ஹேவ் டூ லேத்" என்று தொடங்கி, அங்கேயே நின்று, பிறகு தமிழில் சொன்னார்.

"பூனாவுல ஒரு பம்ப் கம்பெனி மிஸ். அவங்களுக்கு புஷ் கடைஞ்சு அனுப்புதோம். நடுவுல கோயம்புத்தூர்ல ஒரு ஏஜென்ட் இருந்தாரு, பேச்செல்லாம் அவருதான். இப்ப அவரு தொழிலை விட்டுட்டாரு. கம்பெனிக்காரங்க நேரா பேசணும்னு சொல்லிட்டாங்க. இன்னும் ஆறு வாரத்துல ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு வீடியோ போன்ல வருவாங்களாம்."

"தமிழ் தெரிஞ்சவங்களை வச்சுப் பேசலாமே அக்கா" என்றார் மிஸ்.

"யாரை வச்சு? ஒரு தடவை வைக்கலாம். மாசாமாசம் யாரு வருவா? அந்த வேலை போச்சுன்னா ஒரு மிஷினைக் குடுத்துட்டு ஒண்ணோட இருக்க வேண்டியதுதான். ஒத்த மிஷினுக்கு ஷெட்டு எதுக்கு?"

உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் எல்லோருக்கும் ஏதோ ஒரு விருப்பம் இருந்தது. அவருக்கு ஒரு தேதி இருந்தது.

புஷ் என்பது பம்புக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம். உள்வட்டம் கொஞ்சம் கூடினாலும் ஆடும், குறைந்தாலும் இறுகும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் இரண்டு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். அதைப் பார்க்கும் வெர்னியர் அளவுகோல் அவருடைய கைப்பையில் எப்போதும் இருந்தது. ஒருநாள் இடைவெளியில் என் பேனாவை வாங்கி அளந்து பார்த்து, "மூடிப் பக்கம் தேஞ்சிருக்கு அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுத்தார்.

இலக்கணம் அவருக்கு எங்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டது. ஐ என்றால் ஆம், ஹி என்றால் இஸ், தே என்றால் ஆர் என்பதை மிஸ் பலகையில் எழுதியபோது நானும் பாயும் பரீட்சைக்குப் படிப்பதுபோல முணுமுணுத்தோம். அவர் பலகையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதுல ப்ளே இல்லையே மிஸ்" என்றார். இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆட்டம் கொடுக்கும் இடைவெளியைப் பட்டறையில் ப்ளே என்பார்கள். "ஹி-ன்னா இஸ்தான் போய் உக்காரும், வேற எதுவும் உக்காராது. நல்லதுதானே."

அன்றாடப் பேச்சுக்கான பாடம்தான் சிக்கல். இரண்டாவது வாரம் 'ஹவ் ஆர் யூ' வந்தது.

"யாராவது கேட்டா, ஃபைன், தேங்க் யூன்னு சொல்லணும்" என்றார் மிஸ்.

"காய்ச்சலா கிடந்தா?" என்றார் பாய்.

"அப்பவும் ஃபைன்தான் பாய்."

"அப்ப எதுக்கு மிஸ் கேக்கான்?"

"கேக்கணும்னு கேக்கது. நாம சாப்டாச்சான்னு கேக்கோம்லா? சோறா போடப் போறோம்?"

"எங்க வீட்டுக்கு வாங்க, போடுதேன்" என்றார் பாய். லேத் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே நோட்டில் 'ஃபைன்' என்று தமிழில் எழுதி அடிக்கோடிட்டார். ஆங்கிலத்தில் முகமன் சொற்களுக்கு உள்ளே எதுவும் இருக்க வேண்டியதில்லை என்று அவர் அன்றே முடிவு செய்திருக்க வேண்டும் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

நான்காவது வாரம் 'கேன்' பாடம். முடியும், முடியாது. மிஸ் அதை வியாழக்கிழமைப் பேச்சுக்கு ஒத்திகையாக வைத்துக்கொண்டார். பூனாக்காரராக பாய் நடித்தார். மேசையைத் தட்டி, தொண்டையைச் செருமி, சவூதியில் தன் மேலாளர் பேசிய தொனியில் ஆரம்பித்தார். அந்த மேலாளரை எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் தெரிந்ததுபோல இருந்தது.

"மேடம், கேன் யூ சென்ட் த ஃபுல் லாட் பை ஃபிப்டீன்த்?"

"ஷ்யூர் சார்" என்றார் பட்டறைக்காரர்.

"கேன் யூ கிவ் டபுள் நெக்ஸ்ட் மன்த்?"

"நோ ப்ராப்ளம் சார்."

"கேன் யூ சேஞ்ச் த சைஸ், சேம் டேட்?"

"ஷ்யூர் சார். நோ ப்ராப்ளம்."

மிஸ் கைதட்டினார். பாயும் மேலாளர் வேடத்தை விட்டு இறங்கிக் கைதட்டினார். தடுமாற்றம் இல்லை, உச்சரிப்பு தெளிவு. என்னைப் பழைய வழக்கம் விடவில்லை. ஒருவர் சொன்னதை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

"பதினஞ்சாம் தேதிக்குள்ள முழுசும் அனுப்பிர முடியுமா?" என்று தமிழில் கேட்டேன்.

"எங்கன முடியும் அண்ணாச்சி? ரெண்டாவது மிஷின் பேரிங் போய் ஒரு வாரமா நிக்கி. பாதி முடியும்."

"இரட்டிப்பு?"

"அதுக்கு இன்னொரு மிஷின் வேணும்."

"பின்னே ஷ்யூர்னு சொன்னியளே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ முறைகெட்டுக் கேட்டுவிட்டதுபோல இருந்தது. "கேட்டு வாரவங்ககிட்ட மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்லுதது?"

அதை அவருடைய குறை என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வியாபாரமே அப்படித்தான். காலையில் முதல் ஆளாக வந்தவரிடம் இல்லை என்று சொன்னால் போணி கெட்டுவிடும் என்று, இல்லாத சரக்குக்கும் "இப்ப வந்துரும், உக்காருங்க" என்பார்கள். திசையன்விளைக்குப் போகும் சரக்கானாலும் டவுனில் தைக்கக் கொடுத்த சட்டையானாலும் பதில் "செஞ்சிரலாம்" என்பதுதான். அதைக் கேட்கும் உள்ளூர்க்காரருக்கு அதன் அளவு தெரியும். சட்டென்று சொன்னால் இரண்டு நாள் தாமதம். இழுத்துச் சொன்னால் ஒரு வாரம். "பாப்போம்" என்று சொல்லித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் வேறு கடையைப் பார்க்க வேண்டியதுதான். யாரும் ஏமாறுவதில்லை, யார் முகமும் வாடுவதில்லை. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கை விட்டுக்கொடுக்காத அந்தப் பெண்ணின் பட்டறையிலும், நாள் என்று வந்துவிட்டால் 'ரெண்டொரு நாள்' என்பதே அளவாக இருந்தது.

பூனாவில் இருப்பவருக்கு அந்த இழுப்பு எப்படித் தெரியும்?

அதை நான் கேட்டபோதுதான் பட்டறைக்காரர் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். போன முறை கம்பெனிக்காரர் வாட்ஸ்அப்பில் நேரடியாக அவருக்கே மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஏஜென்ட்டைக் கேட்காமல் மூன்றுக்கும் 'ஓகே சார்' என்று பதில் போட்டிருக்கிறார் இவர். சரக்கு பதினோரு நாள் தாமதமாகப் போனது. ஏஜென்ட் எப்படியோ பேசிச் சமாளித்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி எழுதியது.

"அப்ப ஏஜென்ட்டுக்கு வேலையே, நீங்க சொல்லாத முடியாதுங்கதை அவங்ககிட்ட சொல்லுததுதான்" என்றார் பாய்.

"சும்மா இருங்க பாய்" என்றார் மிஸ். ஆனால் பாய் சொன்னது சரிதான்.

மிஸ் பாடப்புத்தகத்தைப் புரட்டினார். அன்றாடச் சொற்றொடர்கள் என்ற பகுதியில் நன்றி சொல்ல ஒரு பக்கம், மன்னிப்புக் கேட்க ஒரு பக்கம், வழி கேட்க இரண்டு பக்கம் இருந்தன. மறுப்பதற்கு ஒரே ஒரு வரி, 'நோ, தேங்க் யூ'. பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பையின் படம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு இதற்கு ஒரு பாடம் தானே எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் பலகையில் ஆறேழு வாக்கியங்கள் எழுதியிருந்தார். எல்லாமே வருந்துகிறேன் என்று தொடங்கி, காரணம் சொல்லி, இயந்திரத்தின் கதையைச் சொல்லி, கடைசியில் முடியாது என்பதில் போய் முடிந்தன. செய்தியறையில் இப்படி ஒரு செய்தி வந்தால் கடைசி வரியை வெட்டி மேலே ஒட்டுவோம். அதைச் சொன்னேன். முக்கியமானது முதல் வரியில் வரவேண்டும். படிப்பவர் பாதியில் எழுந்து போனாலும் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிஸ் பலகையை அழித்து மூன்றே வரி எழுதினார். முதலில் நோ. அடுத்து ஒரு காரணம், ஒன்றே ஒன்று. பிறகு, எது முடியும் என்பது.

பட்டறைக்காரர் வாசித்துப் பார்த்தார். "முதல்லயே நோவா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுத மாதிரில்லா இருக்கு."

"சொல்லிப் பழகுவோம் அக்கா" என்றார் மிஸ். "இன்னைக்கு இந்த ரூம்ல யாரு என்ன கேட்டாலும் நோதான் சொல்லணும்."

பாய் உடனே என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, கேன் யூ கிவ் யுவர் ஸ்கூட்டர் டுடே?"

விளையாட்டு என்று தெரியும். அவர் பேருந்தில் வந்திருக்கிறார் என்பதும் தெரியும். என் வாய் "எஸ், எஸ்" என்றது.

"பத்திரிகைக்காரரே அவுட்டு வே!" என்றார் பாய்.

முப்பத்தொரு ஆண்டுகளில் 'அமைச்சர் மறுத்தார்', 'அதிகாரிகள் மறுப்பு' என்று எத்தனை தலைப்புப் போட்டிருப்பேன் என்று எண்ண முடியாது. விடுமுறை நாளில் வரச் சொன்ன எந்த ஆசிரியரிடமும் நான் மறுத்ததில்லை என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது.

"நீங்க சொல்லுங்க பாய், கேன் யூ கம் அட் சிக்ஸ் டுமாரோ?" என்றார் மிஸ்.

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். "பத்தொன்பது வருஷம் எஸ் சார்தான் மிஸ். நோ சொன்னா டிக்கெட்டைக் கையில குடுத்து ஏத்தி விட்டுருவான். அரபி மட்டும் நமக்கு புக்ரான்னு சொல்லுவான். நாளைக்கின்னு அர்த்தம். எந்த நாளைக்கின்னு கேக்கப்பிடாது." பிறகு திடீரென்று மிஸ்ஸிடமே கேட்டார்: "மிஸ், கேன் யூ டேக் கிளாஸ் ஆன் சண்டே?"

"ஐ வில் ட்ரை" என்றார் மிஸ்.

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார், ஆனால் முகம் சிவந்துவிட்டது. பயிற்சி மையத்தின் உரிமையாளர் அதே கேள்வியைப் போன வாரம் அவரிடம் கேட்டிருந்தார். "பாக்கேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். கீழே வாசலில் கட்டிய புதிய ஃப்ளெக்ஸில் 'ஞாயிறும் வகுப்பு உண்டு' என்று அச்சாகிவிட்டது. ஞாயிறு காலை அவருக்கு ஆலயத்தில் பாடகர் குழு.

அன்றைக்கு எட்டு மணிக்குள் ஒரு முழு நோ சொன்னவர் யாருமில்லை. அடுத்த நாளும் அதையே செய்தோம். மூன்றாவது நாள் பாய் கேட்க, பட்டறைக்காரர் சொன்னார்: "நோ சார். ஒன் மெஷின் இஸ் நாட் ஒர்க்கிங். ஐ கேன் கிவ் ஹாஃப்." சொல்லிவிட்டு உடனே, "கோவிச்சுக்கிடாதிய பாய்" என்றார்.

"அதை வெட்டிருங்க" என்றேன்.

பூனாக்காரர் அழைப்பதாகச் சொன்ன வியாழக்கிழமை மிஸ்ஸையும் பாயையும் என்னையும் பட்டறைக்காரர் பேட்டைக்கு வரச் சொல்லியிருந்தார். பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். பத்தரைக்குப் போனோம். தகரக் கூரை போட்ட ஷெட். ஒரு மிஷின் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்று பேரிங் கழற்றப்பட்டு வாய் திறந்து கிடந்தது. வாசலை ஒட்டிய நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். வழக்கமாக மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார் என்று வேலையாள் சொன்னார். பக்கத்து ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் போய் அதை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்.

கைபேசியை லேத்தின் சுழலும் வாய்ப்பகுதியில் சாய்த்து வைத்தார். நாங்கள் திரைக்குத் தெரியாதபடி சுவர் ஓரம் நின்றோம். பதினொன்று ஐந்துக்கு அழைப்பு வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். அருகில் கோப்புடன் ஓர் இளம்பெண்.

குட் மார்னிங் ஆயிற்று. ஹவ் ஆர் யூ ஆயிற்று. ஃபைன் என்றார். எப்படி அளவு பார்க்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். இவர் தட்டிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து, வெர்னியரில் பிடித்து, திரைக்கு அருகே கொண்டுபோய்க் காட்டினார். பிறகு இன்னொன்று. மூன்றாவதைக் காட்டும்போது "ஓகே, ஓகே, குட்" என்றார் அந்தப் பெண்.

பிறகு அந்த மனிதர் கேட்டார். பாய் கேட்டதையே கேட்டார், ஏறத்தாழ அதே சொற்களில். பதினைந்தாம் தேதிக்குள் முழு லாட்டும் அனுப்ப முடியுமா?

பட்டறைக்காரரின் வாய் 'ஷ்' என்று குவிந்ததை நான் பார்த்தேன். குவிந்து நின்றது. மிஸ் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று பதினான்கு காட்டியது.

"நோ சார்" என்றார்.

அதன்பின் எதுவும் வரவில்லை. ஏழு விநாடி வரை எண்ணினேன். திரையில் இருந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்தார். "ரீசன், ரீசன்" என்று பாய் மூச்சுக்குள் சொன்னார்.

பட்டறைக்காரர் திரும்பி, திறந்து கிடந்த மிஷினைப் பார்த்தார். கைபேசியை எடுத்தார். அதை அந்த மிஷின் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒன் மெஷின் இஸ் நாட் ஒர்க்கிங். பேரிங். ஐ கேன் கிவ் ஹாஃப் பை ஃபிப்டீன்த். பேலன்ஸ், தேர்ட்டியத்."

"ஆர் யூ ஷ்யூர்?"

இப்போது அவர் அவசரப்படவில்லை. நின்று, மனதுக்குள் நாள்களைக் கணக்குப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. பிறகு "ஷ்யூர் சார்" என்றார்.

எழுதி அனுப்புகிறோம் என்று சொல்லி அவர்கள் போனார்கள். பதினொன்று பதினேழு.

"போச்சு" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "மூஞ்சியே மாறிட்டு அவருக்கு. பாத்தியளா?"

"அவரு மூஞ்சியே அப்படித்தான் தங்கச்சி" என்றார் பாய். "நான் பாத்த மேனேஜர் அம்புட்டுப் பேரும் அதே மூஞ்சிதான்."

பக்கத்து ஷெட்டிலிருந்து குரல் வந்தது: "எக்கா, முடிஞ்சிட்டா? மிஷினைப் போடவா?"

"போடுங்க" என்றார். கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. திங்கள் காலை வகுப்பில் மிஸ் இறந்தகாலம் எடுத்துக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரரின் கைபேசி அதிர்ந்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீங்க வாசிங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணு ஓட மாட்டேங்கு."

பழக்கப்படி இரண்டு முறை படித்தேன். முக்கியமானது மூன்றாவது வரியில் இருந்தது. பாதி பதினைந்தாம் தேதிக்குள்; மீதி முப்பதாம் தேதிக்குள்; நீங்கள் உறுதி செய்தபடி. இரண்டும் தேதிப்படி வந்தால் தொடர்ந்து தருவதைப் பற்றிப் பேசுவோம்.

"பாராட்டி எழுதியிருக்காங்களா?"

"இல்ல."

"திட்டி?"

"இல்ல."

"பின்னே என்ன எழுதியிருக்காங்க?"

"நீங்க சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க."

கைபேசியை வாங்கி, எழுத்துக் கூட்டி அவரே வாசித்தார். ஹாஃப். ஃபிப்டீன்த். பேலன்ஸ். தேர்ட்டியத். அந்த நான்கு சொல்லும் அவர் வாயிலிருந்து போனவை. "அப்ப முடிச்சாவணும்" என்று சொல்லி நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அதன்பின் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

முதல் பாதி பதினான்காம் தேதி லாரியில் ஏறியது. அன்று மாலை எங்கள் மூவருக்கும் லாரி ஷெட்டின் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே வேறு எதுவும் எழுதவில்லை.

வகுப்பில் கொடுத்த தாள்களை ஒருநாள் அவரிடம் சேர்ப்பிக்கப் பேட்டைக்குப் போனேன். இரண்டாவது மிஷினுக்குப் பேரிங் மாட்டியாகிவிட்டது, இரண்டும் ஓடின. அப்போது அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அரிசி மில்காரர், வயதான அண்ணாச்சி, வளைந்துபோன ஷாஃப்ட் ஒன்றை, மில் இயந்திரத்தின் தண்டை, தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மில்லுக்குப் பல ஆண்டுகளாக இங்கேதான் வேலை.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்மா. நாளைக்கு."

"செஞ்சி..." என்று ஆரம்பித்தார். மிஷினை நிறுத்தினார். "நாளைக்கு முடியாது அண்ணாச்சி."

மில்காரர் ஷாஃப்டைப் பையக் கீழே வைத்தார். "என்னம்மா, கோவமா? போன தடவை வந்தப்ப ஏதும் தப்பாப் பேசிட்டனா?"

"ஐய, கோவமெல்லாம் இல்ல அண்ணாச்சி. வேற வேலை கிடக்கு. செவ்வாக்கிழமை தாரேன்."

"செவ்வாயா? சரி. வியாழன்னு வச்சுக்கிடுதேன்."

"செவ்வாய்னா செவ்வாய்தான்."

மில்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளூர்க்காரன்தான், ஆனாலும் அவர் பக்கம் பேசவில்லை. கடைசியில் நாற்காலியில் இருந்த கணவரிடம் திரும்பினார். "என்ன வே இது, வீட்டுல எதும் சண்டையா?"

கணவர் மெதுவாக இடது கையைத் தூக்கினார். "செவ்வா" என்றார். அன்றைக்கு அவர் பேசியதில் நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். மில்காரர் சந்தேகம் தீராமலே போனார்.

மீதிச் சரக்கு இருபத்தெட்டாம் தேதி போனது. அடுத்த மாதம் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தது. பட்டறைக்காரர் ஒரு வருடத்தை எதிர்பார்த்திருந்தார். ஆறு மாதம் கிடைத்தது. எந்த மிஷினையும் விற்கவில்லை. இப்போது மறுபடி வகுப்புக்கு வருகிறார். அடுத்த பேச்சில் விலையைப் பற்றிக் கேட்க வேண்டுமாம், அதற்கு வாக்கியங்கள் வேண்டும் என்கிறார். மையத்தின் வாசலில் இருக்கும் ஃப்ளெக்ஸில் 'ஞாயிறும்' என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. ஓரம் சரியாக வெட்டப்படவில்லை. அதைப் பற்றி மிஸ்ஸிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாய்க்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை; ஒரு நாள் மாடிப்படியில் ஏறும்போது அந்தத் தாளைத் தட்டி, "நோ, தேங்க் யூ" என்றார்.

அந்த ஷாஃப்ட் என்ன ஆயிற்று என்று பார்க்க அந்தச் செவ்வாய்க்கிழமையே பேட்டைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரர் புதியதைச் செய்து முடித்து, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, வாசல் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார். மில்காரர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வியாழன் காலை வந்தார் என்று பட்டறைக்காரர் பிறகு சொன்னார். சுற்றியிருந்த தாளைப் பிரித்து, கையால் தடவிப் பார்த்திருக்கிறார்.

"நெசமாவே செவ்வாக்கிழமையே முடிச்சிட்டியா?"

"செவ்வாய் மத்தியானமே. அடுத்த தடவை சொன்ன நாளைக்கு வந்துருங்க அண்ணாச்சி, எடத்தை அடைக்கி."

மில்காரர் ஷாஃப்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாராம்.

"பாப்போம்."